கை தாங்கிய ஃபோல்டர்

ஜூன் 8, 2009, திங்கள்

கம்பெனியில் நான்கு கம்ப்யூட்டர் வாங்கி, நான்கையும் நீல ஒயரால் கோத்துவிட்டார்கள். எனக்கு ஒன்று, கணக்கு பார்க்கும் சிவநேசனுக்கு ஒன்று, முன்னறையில் ஃபோன் எடுக்கும் ஜெஸிந்தாவுக்கு ஒன்று, மேனேஜர் குழந்தைவேலுவுக்கு ஒன்று. மாட்டிக் கொடுத்த ஆள் போகும்போது, "தினமும் எதையாவது டைப் பண்ணிட்டே இருங்க மேடம், கை வந்துரும்" என்றார்.

எதையாவது என்றால் எதை? டெஸ்பாட்ச் விவரத்தை டைப் செய்தால் வேலை செய்ததாகிவிடும். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு.

முதல் பக்கத்தில் சுயபுராணம் இருக்க வேண்டும் அல்லவா? வசந்தாமணி, வயது ஐம்பது. பீளமேட்டில் வெட் கிரைண்டர் செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவு. அதாவது எந்த ஊர்க் கடைக்கு எத்தனை கிரைண்டர் போக வேண்டும் என்று ஃபோனில் கேட்டு அனுப்பி வைப்பவள். கணவர் காலமாகி ஆறு வருடம். ஒரே மகள் தாரணி, கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அந்தத் திமிர் இன்னும் விரலில் இருக்கிறது, மூளையில்தான் எதுவும் மிச்சமில்லை.

எழுதி முடித்ததும் எங்கே வைக்கட்டும் என்று கேட்டது. மை கம்ப்யூட்டரைத் திறந்தால் மஞ்சள் ஃபோல்டர்களாக இருந்தன. ஒன்றுக்கு மட்டும் அடியில் ஒரு கை, விழாமல் தாங்கிப் பிடித்திருந்தது. மற்றவை அநாதையாகக் கிடக்க, இதற்கு மட்டும் காவல் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அதற்குள் வைத்தேன். ஃபைலின் பெயர் 'வசந்தாமணி சொந்தம்'. இனி பயமில்லை.

ஜூன் 10, புதன்

புது விலைப்பட்டியல் சிவநேசனின் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். எழுந்து போய்க் கேட்கக் கூடாதாம், நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மேனேஜர் உத்தரவு.

திரையில் 'மை நெட்வொர்க் பிளேசஸ்' என்று ஒரு படம். அதை அமுக்கினேன், நீலமானது. மறுபடி அமுக்கினேன், பெயரை மாற்றவா என்று கேட்டது. என் பெயரையா, அதன் பெயரையா என்று தெரியவில்லை. சிவநேசனைக் கேட்டேன். அவர் இருந்த இடத்திலிருந்தே, "டவுன் கிளம்பணுங்க மேடம்" என்றார்.

"எதுக்குங்க டவுனுக்கு?" என்றேன்.

அவர் எழுந்து வந்து, என் மேஜையில் குனிந்து, "டபுள் கிளிக் பண்ணுங்க மேடம்" என்றார்.

வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே பேசினால் யாருக்குத்தான் புரியும்? இந்த மனிதர் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு விடும் ஏப்பம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. இந்தப் பக்கங்களில் அவர் பெயர் இனி ஏப்பம். ஜெஸிந்தா தூரத்தில் வரும்போதே பவுடர் வாசம் வந்துவிடுவதால் அவள் வாசனை. மேனேஜர் எதைப் பேசினாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவதால் குழவிக்கல்.

கடைசியில் விலைப்பட்டியல் வந்தது. ஏப்பம் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஜூன் 11, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. மதியம் பிஸ்கட்.

ஜூன் 15, திங்கள்

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். கோயிலுக்கு என்று ஆபீசில் சொன்னேன். உண்மையில் காது டாக்டரிடம் போனேன். இங்கே எழுதலாம், இது என் சொந்த ஃபைல்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் விரலைத் தூக்காமல் இருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து. இடது காது ஏறக்குறைய போய்விட்டதாம். வலதும் பாதிதானாம். மெஷின் வைக்க வேண்டுமாம். டாக்டர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை, அதனால் என் கணக்கில் பாதி வியாதிதான்.

மெஷின் வைக்க மாட்டேன். காதில் பட்டாணி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு போனால் குழவிக்கல் முதல் நாளே கண்டுபிடிப்பார். ஃபோனில் ஆர்டர் எடுப்பவளுக்குக் காது கேட்காது என்றால் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்வார்கள். தாரணியிடமும் சொல்லப் போவதில்லை. அவள் கிளம்பி வந்து என்னைக் கிழவியாக்கிவிடுவாள்.

உதட்டைப் பார்த்தால் பாதி தெரிகிறது. மிச்சத்துக்குச் சிரித்துவிட்டால் போதும். இதுவரை யாருக்கும் தெரியாது. நான் கெட்டிக்காரி.

ஜூன் 17, புதன்

நெட்வொர்க் பிடிபட்டுவிட்டது! டபுள் கிளிக், அப்புறம் இடது பக்கம் இருக்கும் வரியில் ஒரு கிளிக், நான்கு கம்ப்யூட்டரின் பெயரும் வரிசையாக வந்து நின்றன. ஏப்பத்தின் பெயரைத் திறந்து விலைப்பட்டியலை நானே எடுத்தேன். பக்கத்தில் 'கவிதை' என்று ஒரு ஃபைல் இருந்தது. அது தானாகத் திறந்துகொண்டது என்று எழுதத்தான் ஆசை.

மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறார் மனிதர். 'மல்லிகை சூடிய நல்ல கை' என்று ஒரு வரி. மல்லிகையைக் கையில் யார் சூடுவார்கள்? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என்ன மேடம் என்று கேட்டார். தும்மல் என்றேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நாலு பேர் நுழைந்து பார்க்கக்கூடிய இடத்தில் சொந்த விஷயத்தை வைப்பார்களா? படித்த மனிதர், பி.காம். இவ்வளவு வெள்ளந்தியாக ஒருவர் இருக்க முடியுமா?

ஜூன் 19, வெள்ளி

நேற்று சாயங்காலம் தாரணி ஃபோன் செய்தாள். குக்கர் வேறு விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதைப் பற்றித்தான் பேசினாள். "நாள் தள்ளிப் போயிருக்கும்மா" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. குரலில் ஏதோ குழைவு. வீட்டுக்காரர் தேதியைத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது, அதற்கு என்ன இத்தனை வெட்கம்?

நான் பொறுப்பாகவே பதில் சொன்னேன். "தள்ளிப் போனாப் போகுது. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுருங்க. இல்லீன்னா இந்த வருசம் வேண்டாம்னு விட்டுருங்க. அவசரப்பட்டு என்ன ஆகப் போகுது?"

பிறகு ஏதோ சொன்னாள். சரி சரி, வெச்சர்றேன் என்று வைத்துவிட்டேன். ஃபோனில் சுருக்கமாகப் பேசிவிட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இது நானே கண்டுபிடித்த வழி.

ஜூன் 23, செவ்வாய்

வாசனையிடம் ஒரு மாற்றம். முன்பெல்லாம் நடந்துகொண்டே எதையாவது முணுமுணுத்துவிட்டுப் போவாள். இன்று என் வலது பக்கம் வந்து நின்று, முகத்துக்கு நேராக, "அக்கா, சேலம் பார்ட்டி நாளைக்கு லாரி அனுப்பறாங்களாங்க்கா" என்றாள், ஒவ்வொரு எழுத்தாக. கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல இருந்தது. வயதுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது அவளிடம். நல்ல குடும்பத்துப் பெண்தான். பவுடரும் குறைந்திருக்கிறது.

ஜூன் 26, வெள்ளி

என் தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனைச் சரிசெய்துவிட்டார்கள். மூன்று வருடமாகச் சொல்லியும் நடக்காதது. ஏப்பம் தானே ஏணி போட்டு ஏறினாராம். சாப்பிட்டதும் எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார். என்ன என்று கேட்டதற்கு, "காத்து வாங்கப் போனேனுங்க" என்றார். முகம் சிவந்திருந்தது. வெயில் அப்படி.

ஜூலை 1, புதன்

இனி டீலர்களின் ஃபோனை எல்லாம் ஜெஸிந்தாவே எடுத்து, ஆர்டரை டைப் செய்து நெட்வொர்க்கில் வைத்துவிடுவாளாம். நான் திறந்து பார்த்து அனுப்பினால் போதும். யோசனை அவளுடையது. குழவிக்கல்லிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். சீனியருக்கு வேலையைக் குறைக்க வேண்டும் என்று இந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றும்?

நான் நினைப்பதெல்லாம் நடக்கிறது. நேற்று இங்கே ஒரு வார்த்தை எழுதிப் பார்த்துவிட்டு அழித்தேன். இன்று அழிக்காமல் எழுதுகிறேன்: உளுந்து வடை சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

ஜூலை 2, வியாழன்

வடை வந்தது! ஜெஸிந்தா வீட்டிலிருந்து, எட்டு வடை, சட்னியோடு. குருபலம் என்று காலண்டரில் போட்டிருந்தது. நம்பாமல் இருந்தது என் தப்பு.

ஜூலை 6, திங்கள்

தாரணியும் மாப்பிள்ளை நவநீதனும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைதான் சொன்னார். ஆடிக்குள் முடித்துவிட்டார்கள், என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. பால் காய்ச்ச வரட்டுமா என்றேன். "தாரணி ரெஸ்ட்ல இருக்கா அத்தை, அப்புறமா வாங்க" என்றார். சாமான் ஏற்றி இறக்கிய களைப்பு.

ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். கை இறுக்கம். நான் குண்டாகிவிட்டேன் என்கிறார் டெய்லர். எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். காது போனதில் ஒரு லாபம்.

ஜூலை 13, திங்கள்

நேற்று மாலை மறுபடி தாரணி. சளி பிடித்திருக்கிறது போலும், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினாள். பாதிக்கு மேல் கேட்கவில்லை. "கலைஞ்சிருச்சும்மா" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

இதற்குப் போய் அழுகிற மாதிரி பேசுவார்களா? வீடு மாற்றினால் சாமான் கலையாமல் என்ன செய்யும்? தைரியம் சொன்னேன். "கலைஞ்சா என்ன கண்ணு, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். மறுபடி அடுக்கிக்கலாம். ஒடஞ்சது கிடஞ்சது இருந்தா வெளிய தூக்கிப் போட்டுரு. நீ போயி வேலையப் பாரு."

லைன் கட்டாகிவிட்டது. ஓசூரில் டவர் சரியில்லை.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பென்சில் டப்பா கலைந்தாலே அழுவாள்.

ஜூலை 14, செவ்வாய்

ஜெஸிந்தா காலையிலிருந்து என்னையே பார்க்கிறாள். சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பொண்ணுகிட்டப் பேசினீங்களா?" என்றாள். பேசினேன், நல்லா இருக்கா என்றேன். அப்புறம் மெதுவாக என்னவோ சொன்னாள். உதடும் சரியாகத் தெரியவில்லை, குனிந்துகொண்டாள். நான் வழக்கப்படி சிரித்து வைத்தேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஏப்பமும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். என்ன ஆயிற்று இவர்களுக்கு? மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பேக்கிங்குக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டார்களா?

ஜூலை 16, வியாழன்

தாரணி ஃபோனை எடுப்பதில்லை. நேற்று ஐந்தாறு தடவை அடித்தேன். மாப்பிள்ளை எடுத்து, "தூங்கறா அத்தை" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன தூக்கம்?

ஜூலை 17, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. நான் என்ன செய்தேன்?

ஜூலை 18, சனி

*அக்கா, இது ஜெஸிந்தா எழுதறேன். பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் தானா எழுதலை.*

*உங்க ஃபைலை நாங்க படிக்கறோங்க்கா. முதல்ல சேலம் ஆர்டரைத் தேடிட்டு உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்தேன். உங்க பேரு போட்டிருந்துச்சு, தொறந்துட்டேன். தப்புத்தான். அப்புறம் சிவநேசன் சாருக்கும் சொன்னேன். அதுவும் தப்புத்தான். நீங்க வெச்சிருக்கற ஃபோல்டர் எல்லாருக்கும் பொதுவானதுங்க்கா. அடியில கை போட்டிருந்தா, எடுத்து எல்லாருக்கும் குடுக்கறோம்னு அர்த்தம். மேனேஜர் சார் பார்க்கலை. அவருக்கு நெட்வொர்க் எங்க இருக்குன்னே தெரியாது.*

*திட்டறதை அப்புறம் திட்டுங்க. இதை மொதல்ல படிங்க. செவ்வாய்க்கிழமை உங்ககிட்டச் சொல்லிப் பார்த்தேன். ஆபீஸ்ல இதைச் சத்தமாச் சொல்ல முடியாது. மெதுவாச் சொன்னா உங்களுக்குக் கேக்காது. அதான் இங்க எழுதறேன்.*

*கல்யாணமான பொண்ணு, நாள் தள்ளிப் போயிருக்குன்னு அம்மாகிட்டச் சொன்னா, வீடு மாத்தற நாளு இல்லீங்க்கா. அந்தப் பொண்ணே அழுதுட்டு கலைஞ்சிருச்சுன்னு சொன்னா, அது சாமான் இல்லீங்க்கா.*

*எனக்கும் ரெண்டாவது அப்படித்தான் போச்சு. எங்கம்மா வந்து ஒண்ணும் பேசாம பக்கத்துல படுத்துக்கிச்சு. அது போதும்னு இருந்துச்சு.*

*நீங்க கெளம்பிப் போங்கக்கா. டெஸ்பாட்ச் நான் பாத்துக்கறேன்.*

ஜூலை 20, திங்கள்

ஓசூர் போகிறேன்.

ஜூலை 24, வெள்ளி

திரும்பிவிட்டேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஆபீசுக்கு வந்து, இதையும் அதே ஃபோல்டரில்தான் எழுதுகிறேன். படிப்பவர்கள் படிக்கட்டும், அவர்களுக்கு முடிவு தெரிய வேண்டாமா?

திங்கட்கிழமை காலை வந்ததும் ஃபைலைத் திறந்தேன். முதல் வரியைப் படித்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தேன். அப்புறம் கோபம். எழுந்து ஜெஸிந்தாவின் தலைமுடியைப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது. அப்புறம் கடைசி வரைக்கும் படித்தேன். பிறகு கோபம் வருவதற்கு எனக்குள் இடமில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஜெஸிந்தா எழுந்து நின்றாள். அவளைத் தாண்டித்தான் போனேன்.

பஸ்ஸில் சேலம் வரை நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். 'இந்த வருசம் வேண்டாம்னு விட்டுருங்க.' 'மறுபடி அடுக்கிக்கலாம்.' 'வெளிய தூக்கிப் போட்டுரு.' அத்தனையும் என் வாயிலிருந்து வந்தவை. எதிரிகூட இப்படித் தேடிப் பிடித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். நான் கேட்காத இடது காதை அவர் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். என் தோளைத் தட்டி வெற்றிலை கொடுத்துவிட்டு அவர் வேறு சீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, பால் வாங்கி வருவதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனார். வீட்டில் பால் இருந்தது, அப்புறம் பார்த்தேன்.

தாரணி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வீடு அடுக்கி வைத்தபடி சுத்தமாக இருந்தது. ஒரு டம்ளர்கூட இடம் மாறியிருக்கவில்லை.

கூப்பிட்டேன். திரும்பாமலே என்னவோ சொன்னாள்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு கண்ணு. எனக்குக் கேக்கலை."

"உனக்கு எப்பத்தான் கேட்டிருக்கு?" இது கேட்டது. நன்றாகவே கேட்டது.

"நெசமாவே கேக்கறதில்லை தாரணி. எடது காது போச்சு. வலதும் பாதிதான். டாக்டரு சொல்லி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. உங்கிட்டச் சொல்லலை. ஃபோன்ல நீ பேசறதுல பாதி எனக்கு விழுகறதில்லை. விழுந்த மாதிரி பேசிட்டு இருந்தேன்."

இதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் உள்ளே போயிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பொய் சொல்கிறேனா என்று.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு உனக்குக் கேட்டுச்சு?"

"சாமான் கலைஞ்சு கெடக்குதுன்னு."

அவள் வாய் ஒரு மாதிரி கோணியது. சிரிப்புதான், பெரிய சிரிப்பு. "சாமானா? சாமானா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எங்கே அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. என் தோளில் அடித்தாள். பலமாகத்தான் அடித்தாள்.

"இந்த வருசம் வேண்டாம்னு விட்டுருன்னயேம்மா. நீ அப்படிச் சொன்னதுனாலதான் போச்சோன்னு நெனச்சேன். தெனமும் அதையேதான் நெனச்சேன்."

இதற்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் இந்த ஃபைலில் எழுதி வையுங்கள். அவள் அடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம், ஜெஸிந்தாவின் அம்மா செய்ததைத்தான் நானும் செய்தேன். சொந்தமாக ஒரு யோசனைகூட எனக்கு வரவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கட்டில் சின்னது. பாதி முதுகு வெளியே தொங்கியது.

ரொம்ப நேரம் கழித்து, "மொதல்ல இருந்து சொல்லு சாமி. எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன்.

"எதைச் சொல்றது?"

"எல்லாத்தையும். நாள் தள்ளிப் போனதுல இருந்து. எனக்கு இப்பத்தான் தெரியற மாதிரி சொல்லு."

என் வலது பக்கமாக ஏறி வந்து படுத்துக்கொண்டு சொன்னாள். முதல் நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் எப்படி உறுதி செய்துகொண்டாள், நவநீதன் எப்படிப் பேந்தப் பேந்த விழித்தார், முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று மாமியாருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது, மாங்காய் என்றாலே குமட்டியது, எனக்கு இருந்த மாதிரியே. சந்தோஷமான இடத்தில் நான் சந்தோஷப்பட்டேன். "அப்படியா கண்ணு!" என்றேன். அதைக் கேட்கத்தான் ஜூனில் ஃபோன் செய்திருக்கிறாள். பிறகு ஆஸ்பத்திரி, ரத்தம், நர்ஸ் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். சில இடங்களில் "என்ன?" என்று திரும்பக் கேட்டேன். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். உலகத்தில் யாரும் சத்தமாகச் சொல்லாத விஷயத்தை என் மகள் கத்திக் கத்திச் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

கீழ் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை பூண்டு ரசத்தோடு வந்து நின்றார். தாரணி இரண்டு வாய் சாப்பிட்டாள். அதற்கு மேல் இறங்கவில்லை.

ஜூலை 25, சனி

காலையில் ஆபீசுக்குள் நுழைய வெட்கமாக இருந்தது. ஏப்பம் என்று எழுதிய மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவரே எழுந்து வந்தார், என் வலது பக்கமாக.

"பொண்ணு எப்படி இருக்குதுங்க மேடம்?"

"தேறிருவாளுங்க. சிவநேசன், நான் எழுதினதெல்லாம்..."

"ஏப்பத்தை விடுங்க. நெசந்தானுங்களே, எங்க வீட்டுல அதுக்கும் மேல சொல்வாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அந்தக் கவிதையைப் படிச்சுட்டுச் சிரிச்சீங்க பாருங்க. அதுதான் மேடம் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

"கையில மல்லிகை எப்படிங்க சூடறது?"

"சுத்திக்கறதுங்க மேடம். எங்க வீட்டுல சின்ன வயசுல கையில சுத்திக்குவா."

மன்னிப்புக் கேட்டேன். கவிதை எனக்கு அப்போதுதான் புரிந்தது என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு இருக்கிறதாம். படித்துச் சொல்ல வேண்டுமாம். இது என் தண்டனை.

ஜெஸிந்தா என் பக்கமே வரவில்லை. நான்தான் முன்னறைக்குப் போனேன். "படிச்சது தப்புத்தான்" என்றேன்.

"ஆமாங்க்கா."

"எழுதாம இருந்திருந்தா அதவிடப் பெரிய தப்பு."

அவள் அழ ஆரம்பித்தாள். நானும். அந்த நேரம் பார்த்து வெளியே வந்த மேனேஜர், "ஆபீசா எழவு வீடா?" என்று கத்தினார். அந்த வேகத்திலேயே அவரிடமும் சொல்லிவிட்டேன். "சார், எனக்குக் காது சரியாக் கேக்கறதில்லைங்க. மெஷின் வைக்கப் போறேன். அதுவரைக்கும் ஃபோன் ஆர்டரை ஜெஸிந்தாவே எடுக்கட்டுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்க சார். பக்கத்துக் கம்பெனிக்கும் கேக்குது."

"அப்புறம் என்னம்மா? போயி வேலையப் பாரு."

ஒன்றரை மாதம் தூக்கத்தைக் கெடுத்த பயம் இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, திங்கள்

காது மெஷின் வாங்கப் போகும்போது கூட வர வேண்டும் என்று தாரணி ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். வேண்டாம் என்றேன். "இந்த மாதிரி விசயத்துல உன்னைத் தனியா விட முடியாதும்மா. டாக்டர் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணைக் கேட்டுட்டு வருவே" என்றாள். மறுத்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

வெள்ளிக்கிழமை போனோம். மெஷினை மாட்டிய பெண் ரொம்பப் பொறுமைசாலி. போட்டதும் முதலில் கேட்டது என் புடவையின் சரசரப்பு. இவ்வளவு சத்தம் போடுகிற புடவையைக் கட்டிக்கொண்டா ஊரெல்லாம் போய்வந்தேன்? பிறகு ஏசி, காகிதம், யாரோ சாவிக்கொத்தை ஆட்டுவது. எல்லாம் தகரத்தில் கொட்டுவதுபோல இருந்தது. கழற்றி எறிந்துவிடலாம் என்று பார்த்தேன்.

அந்தப் பெண், "இப்ப ஒரு டெஸ்ட்டுங்க. நீங்க திரும்பாதீங்க. உங்க பொண்ணு பின்னால நின்னு, மெதுவா, எதையாவது சொல்லட்டும். கேட்டதை எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

எதிரே வெள்ளைச் சுவர். உதடு இல்லை, முகம் இல்லை, சிரித்துச் சமாளிக்க ஆளும் இல்லை. தாரணி எனக்குப் பின்னால், இடது பக்கமாகப் போய் நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்குக் கேட்கவில்லையா, அவள் சொல்லவில்லையா என்று தெரியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்டது. சின்னக் குரல், தூக்கத்தில் பேசுகிற மாதிரி.

"பசிக்குதும்மா."

அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "வா கண்ணு, சாப்பிடப் போலாம்" என்றேன்.